தலையில்லாத டாக்டர்

‘பதினோராம் நாள். பின்மண்டையில் வலி இருக்கிறது. நல்ல அறிகுறி என்று மேலே படித்தேன். மனசு லேசாக இருக்கிறது. நன்றி டாக்டர்.’

ஓர் ஆரோக்கிய வெப்சைட்டின் அடியில் இதை எழுதிய பெண்மணி பன்னிரண்டாம் நாள் எதுவும் எழுதவில்லை. அன்று காலை சமையலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

கமா அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு ஃபோனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வைத்தவர் அவளுடைய முதலாளி சர்வேயர். அவர் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளை அளந்தவர். தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைக்கப்பட்டதா என்று சாம்பலை முகர்ந்தே சொல்வார். கம்பெனி எதிர்பார்த்த பதிலைச் சொல்லாமல் உண்மையைச் சொன்ன ஒரு நாளில் வேலை போயிற்று. அன்று முதல் தனியார் துப்பறிவாளர்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் தையல்காரர். ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைப்பவர். முப்பது வருஷமாக அது ஒன்றையே தைத்து வந்ததில் கடைத்தெருவில் அவரைக் கோட்டுக்காரர் என்றால்தான் தெரியும். செத்துப்போனது அவர் மனைவி.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே வெள்ளைப் பட்டன்கள். இடது கை ஆள்காட்டி விரலால் கிளறினார். அந்த விரலின் நகம் நட்டநடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. தையல் மெஷின் ஊசி என்றோ இறங்கிய இடம்.

“பட்டன் தைக்கலாம்னு ஒண்ணை எடுத்தேன் சார். நூலைக் கோக்கப் பாத்தா ஓட்டை இல்ல.”

அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டியது பட்டன் இல்லை. பிரஷர் மாத்திரை.

“மொத்தம் இருபத்தி மூணு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எனக்கு முன்னாடி வாயில போட்டுத் தண்ணி குடிப்பா. அப்புறம் துப்பி இதுல போட்டு வெச்சிருக்கா. ஒரே சைஸு, ஒரே கலரு. யாருக்குத் தெரியும்?”

சர்வேயர் டப்பாவை மெதுவாக மூடினார். “இந்த வெப்சைட்காரனைப் பிடிச்சுத் தரணுமா?”

“எனக்கு அவன் வேணாம் சார். போனவ போயிட்டா. அவ தங்கச்சி இருக்கா, ஸ்கூல்ல கணக்கு டீச்சர். குடும்பத்துக்கே பிரஷர். அவளும் இதே பக்கத்தைப் பாத்து மாத்திரையை நிறுத்திட்டா. இன்னைக்கு ஒம்பதாம் நாள். தலைவலி ஆரம்பிச்சாச்சு.”

“அக்கா செத்ததைப் பாத்த பிறகுமா?” என்றாள் கமா.

“அக்காவைக் கொன்னதே அத்தனை வருஷமா சாப்பிட்ட மாத்திரைதான்கறா. அந்தப் பக்கத்துல அப்படித்தான் போட்டிருக்காம். நான் கெஞ்சினேன். டாக்டர்கிட்ட வான்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். ‘அத்தான், இதை எழுதின டாக்டரே என் முன்னாடி வந்து நின்னு, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லட்டும். அந்த நிமிஷமே மாத்திரை போடறேன்’னு சொல்லிட்டா. சொன்ன வார்த்தை மாற மாட்டா. அந்த டாக்டரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. கால்ல விழுந்தாவது கூட்டிட்டுப் போறேன்.”

கமா ஃபோனைத் திருப்பினாள். பக்கத்தின் உச்சியில் டாக்டரின் படம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், மார்புக்குக் குறுக்கே கட்டிய கைகள். கழுத்துக்கு மேலே படம் முடிந்துவிட்டது.

“முகத்தைக் காணோமே சார். தலையே இல்லாத டாக்டர்கிட்டப் போய்த் தலைவலிக்கு வைத்தியம்…”

சொல்லி முடிக்கும் முன்பே கோட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“எந்திரி,” என்றார் சர்வேயர். “முதல்ல டீச்சர்.”

*

டீச்சர் லீவு போட்டுவிட்டுத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஈரத்துணி. சுவரில் இருபத்தொரு கட்டம் போட்ட ஒரு தாள். எட்டில் டிக். அடுப்படி மேடையில் அந்தப் பக்கத்தில் வாங்கிய, ‘சுத்திகரிப்புத் தூள்’ என்று எழுதிய ஒரு டப்பா.

“நான் படிக்காதவ இல்ல சார்,” என்றார், அவர்கள் உட்காருவதற்குள். “கண்டதையும் நம்பற ஆளும் இல்ல. ஆஸ்பத்திரி டாக்டர் எனக்கு ஒதுக்கினது ரெண்டு நிமிஷம். அதுலயும் ஒண்ணரை நிமிஷம் கம்ப்யூட்டரைப் பாத்தார். இந்தப் பக்கம் எனக்குப் பொறுமையா எல்லாம் சொல்லுது. ஏன் தலை சுத்துது, ஏன் தூக்கம் வரலை, எல்லாம்.”

“வாஸ்தவம்,” என்றார் சர்வேயர். “பொய் சொல்றவனுக்கு எப்பவும் நேரம் நிறைய இருக்கும் டீச்சர். இதைக் கடைசியா யார் சரிபார்த்தாங்க?”

“மருத்துவக் குழு. தேதியும் போட்டிருக்கு. இன்னைக்குக் காலைல.”

சர்வேயர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “உங்க அக்கா கடையில குடுத்து எடுத்த பிரின்ட் இது. அவங்க எடுத்த அன்னைக்குத் தேதி போட்டிருக்கு. அதுவும் ஞாயித்துக்கிழமை. கமா, உன் ஃபோன்ல தேதியை வரப்போற பத்தாம் நாளுக்குத் தள்ளு.”

கமா தள்ளினாள். பக்கத்தைத் திறந்தாள். இன்னும் விடியாத ஒரு நாளில் மருத்துவக் குழு அதைச் சரிபார்த்து முடித்திருந்தது.

“சுறுசுறுப்பான குழு சார். நாளைக்கு வர்ற வேலையை எல்லாம் இன்னைக்கே முடிச்சிட்டு, அப்புறம் என்ன பண்ணுவாங்களோ பாவம்.”

டீச்சர் அந்தத் தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, தேதி தப்புன்னே வெச்சுக்குவோம். நானூத்திப் பன்னெண்டு பேர் கீழ எழுதியிருக்காங்க. ஒருத்தர்கூடக் கெட்டுப்போச்சுன்னு எழுதலையே?”

“கெட்டுப்போனவங்க எப்படி எழுதுவாங்க?” சர்வேயரின் குரல் தாழ்ந்தது. “உங்க அக்கா அதுல ஒருத்தர். அவங்களும் நல்லா இருக்குன்னுதான் எழுதியிருக்காங்க. உங்க நானூத்திப் பன்னெண்டுல அவங்களும் சேர்த்தி.”

கோட்டுக்காரர் வாசலருகே செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“இங்க பிரஷர் பாக்கற மெஷின் இருக்கா டீச்சர்?” என்றாள் கமா. “ஒரு தடவை பாத்துடலாமே.”

“வேணாம். நம்பரைப் பாத்தா பயம் வரும், பயத்துலயே பிரஷர் ஏறும்னு போட்டிருக்கு.”

“கணக்கு டீச்சரை நம்பரைப் பாக்காதேன்னு சொல்லியிருக்கான் சார். எமகாதகன்.”

டீச்சர் சிரிக்கவில்லை. ஈரத்துணியை எடுத்துவிட்டுத் தன் ஃபோனில் அந்தப் படத்தை விரல்களால் பெரிதாக்கினார்.

“நீங்க கேக்கற எல்லாமே நான் அக்காகிட்டக் கேட்டதுதான். யாரு எழுதினா, என்ன ஆதாரம்னு சண்டை போட்டேன். அவ பேசலை. படத்தைப் பெருசாக்கி இதைக் காட்டினா.”

கோட்டின் பட்டன் ஓட்டைகள் வரிசையாக இறங்கின. எல்லாம் வெள்ளை நூல். கடைசி ஒன்று மட்டும் வெளிர் நீலம்.

“அத்தான் கடைக் கோட்டுக்கெல்லாம் காஜா போடறது அக்காதான். மூட்டையா வீட்டுக்கு வரும். கடைசிக் காஜாவை மட்டும் நீல நூல்ல போடுவா. நீலம் தெரிஞ்சா அந்தக் கோட்டு முடிஞ்சுதுன்னு கணக்கு. ஊர் உலகத்துல வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்க. ‘பாருடி, இது நான் போட்ட காஜா. உங்க அத்தான் ஆஸ்பத்திரி டாக்டருக்குத்தான் கோட்டு தைப்பாரு, வேஷக்காரனுக்குத் தைக்க மாட்டாரு. நம்ம வீட்டுக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் பொய் சொல்வாரா?’ன்னா. எனக்குப் பதில் தெரியலை.”

கோட்டுக்காரர் இரண்டடி முன்னே வந்தார். தன் மனைவி எதை நம்பிச் செத்தாள் என்று அவருக்கு இதுவரை தெரியாது. இதுவரை அந்தப் பக்கத்தைத் திறந்தும் பார்த்ததில்லை. ஃபோனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

“அவ காஜாதான்,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இப்போது பார்த்தது தொழில்காரரின் கண். “நம்ம கோட்டுதான். ஆனா இது லேடீஸ் கட்டிங். பட்டன் மாறுபக்கம் இருக்கு பாருங்க. லேடி டாக்டருங்களுக்கு நான் தைச்சதே அறுபது, எழுபதுதான் வரும். மூணே ஆஸ்பத்திரி. ஆளைப் பிடிச்சிடலாம் சார்!”

பல நாள் கழித்து முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைக் கெடுக்க மனமில்லாமல் கமா சர்வேயரின் காதருகே குனிந்தாள்.

“லேடி டாக்டர் கையில இவ்ளோ முடியா சார்?”

சர்வேயரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணின் கை, பெண்ணின் கோட்டு. சாம்பலில் இரண்டு வாசனை அடித்தால் ஒன்று யாரோ கொண்டுவந்து ஊற்றியது.

அவர் அடுப்படி மேடையிலிருந்த டப்பாவைத் திருப்பினார். “டாக்டருக்கு ஊரு பேரு கிடையாது. டப்பா உடைஞ்சு வந்தா திருப்பி அனுப்ப மட்டும் முழு விலாசம் போட்டிருக்கான். வா கமா.”

“சார்,” என்று டீச்சர் கூப்பிட்டார். “அவரை நிஜமாவே கூட்டிட்டு வருவீங்களா? அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

*

‘அகில உலக இயற்கை ஆரோக்கிய ஆய்வுப் பேரவை’ ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகையின் நீளத்துக்கு முகப்புச் சுவர் போதாமல் ‘பேரவை’ மட்டும் படிக்கட்டுப் பக்கம் மடங்கியிருந்தது. உள்ளே மூன்று நாற்காலி, அட்டைப்பெட்டிகள், கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண், வீடியோவில் பேசுமுன் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள நிறுவனருக்கு ஓர் ஆளுயரக் கண்ணாடி. அந்த அலுவலகத்தில் தினமும் சரிபார்க்கப்பட்டது அவர் முடி மட்டும்தான்.

“வருக,” என்றார் நிறுவனர், காலரில் மைக்கோடு. “மானுட குலத்தை மருந்துச் சிறையிலிருந்து மீட்கும் மாபெரும் பயணத்தில் நாங்கள்…”

“டாக்டரைப் பாக்கணும்,” என்றார் சர்வேயர்.

“எங்கள் மருத்துவக் குழு உலகெங்கும் பரவியிருக்கிறது.”

“பரவினதுல ஒருத்தராவது இந்தப் பக்கம் விழுந்திருப்பாரே?” என்றாள் கமா.

“இன்று வெளிநாட்டு மாநாட்டில்…” என்று ஆரம்பித்தவருக்கு ஃபோன் வந்தது. ‘மானுட குலம்’ என்று மறுபடி தொடங்கியபடியே பால்கனிக்குப் போனார்.

சர்வேயர் கம்ப்யூட்டர் பெண்ணிடம் திரும்பினார். “ஏம்மா, மருத்துவக் குழு யாரு?”

அவள் பால்கனியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினாள். வகுப்பில் தப்பு செய்த பிள்ளை தூக்குவது போல.

“நீயா?”

“போன வருஷம் வரைக்கும் கார் இன்ஜின் ஆயில் பத்தி எழுதிட்டிருந்தேன் சார். மூணு மாசமாத்தான் ஆரோக்கியம்.”

“‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ன்னு ஒரு வரி இருக்கே. அதைத் தொட்டா மறுபடி இதே பக்கம்தான் வருது?”

“வேற எங்க போறது சார்? ஆய்வுன்னு ஒண்ணு இருந்தாத்தானே.”

“தலைவலி நல்ல அறிகுறிங்கறது? அது எங்கேருந்து வந்தது?”

அவள் விசைப்பலகையைப் பார்த்தபடி சொன்னாள். “நாலாம் நாள், அஞ்சாம் நாள் எல்லாரும் பயந்து நிறுத்திடறாங்க, ரெண்டாவது டப்பா போக மாட்டேங்குதுன்னு சார் சொன்னார். வலி வந்தாலும் விடாம இருக்கற மாதிரி ஒரு வரி கேட்டார். எழுதிக் குடுத்தேன்.” கமாவை நிமிர்ந்து பார்த்தாள். “ஏன் மேடம்? யாருக்காச்சும் ஏதாவது ஆயிடுச்சா?”

கமா ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன் வைத்தாள்.

“இந்தப் படம்?” என்றார் சர்வேயர்.

“நெட்ல வெள்ளைக் கோட்டுன்னு தேடினப்பக் கிடைச்சுது. அப்படியே போட்டா எடுத்த இடம் தெரிஞ்சு சண்டைக்கு வருவாங்க. அதனால…”

“இடவலமாத் திருப்பிட்டே.”

“எப்படி சார் தெரியும்?”

அவர் பதில் சொல்லாமல் எழுந்துபோய் ஃபோனை அந்த ஆளுயரக் கண்ணாடி முன் பிடித்தார். கண்ணாடிக்குள் கோட்டு திரும்பிக்கொண்டது. பட்டன் ஆண்களின் பக்கம் வந்தது. மார்புப்பை இடதுக்குப் போனது, வாட்ச் இடது மணிக்கட்டுக்கு. கட்டியிருந்த கைகளில் எது இடது, எது வலது என்பதும் மாறியது.

“கமா, இங்க வா. அந்த இடது கையைப் பாரு. விரலைப் பாரு.”

கமா பார்த்தாள். ஏதோ கிண்டலாகச் சொல்ல வந்து, மறுபடி பார்த்தாள்.

“ஐயோ,” என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான்கு வருஷத்தில் அவள் முற்றுப்புள்ளி வைத்தது அதுதான் முதல் தடவை.

பால்கனியிலிருந்து நிறுவனர் திரும்பினார். “அடியிலே தெளிவாகப் போட்டிருக்கிறோமே, மருத்துவரை அணுகவும் என்று!”

“பாத்தேன்,” என்றார் சர்வேயர். “எறும்பு படிக்கற அளவுக்குப் போட்டிருக்கீங்க. உங்க மேல புகார் எழுதத்தான் போறேன். அது நடக்கறப்ப நடக்கும். இப்ப எனக்கு உங்களைவிட அவசரமான ஒரு ஆள் இருக்கார்.”

படிக்கட்டில் இறங்கும்போது கமா கேட்டாள். “சொல்லாம விட்டுடலாமா சார்? ஆள் கிடைக்கலைன்னு சொல்லிட்டா என்ன? அவர் ஏற்கெனவே பாதி ஆளா இருக்காரு.”

“எனக்கும் அதான் தோணுது.” அவர் இரண்டு படி இறங்கி நின்றார். “ஆனா அந்த டீச்சர் பன்னெண்டாம் நாளைத் தாண்டணுமே.”

*

கோட்டுக்காரர் கடையில் பழைய நோட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லேடீஸ் கோட்டு வாங்கிய மூன்று ஆஸ்பத்திரிகளின் பெயரையும் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். இரண்டுக்கு ஃபோன்கூடப் போட்டு முடித்திருந்தார்.

“மூணாவதுல நாளைக்குக் கேக்கச் சொன்னாங்க சார். நாளைக்கு வரைக்கும் தாங்குமா? பத்தாம் நாளாயிடுமே.”

“அது லேடீஸ் கோட்டு இல்ல,” என்றார் சர்வேயர். “படத்தைத் திருப்பிப் போட்டிருக்காங்க. நீங்க எப்பவாவது கோட்டுக்கு விளம்பரம் பண்ணியிருக்கீங்களா?”

“விளம்பரமா? ஏழெட்டு வருஷம் முன்னாடி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப ஒரு விலைப்பட்டியல் அடிச்சோம். அச்சகத்துக்காரர் நெட்லயும் ஏத்தி விட்டாரு.”

“இருக்கா?”

அவர் கத்தரிக்கோல் தொங்கிய ஆணிக்குப் பின்னாலிருந்து மஞ்சளடித்த ஓர் அட்டையை உருவினார். துடைத்துக் கொடுத்தார். வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப், கட்டிய கைகள். கழுத்துக்கு மேலே அட்டை முடிந்துவிட்டது.

“இதுல நிக்கறது யாரு?”

கேள்வியின் கனம் புரியாமல் கோட்டுக்காரர் லேசாகச் சிரித்தார். “நான்தான் சார். ஆளு வெச்சுப் படம் எடுக்க வசதி ஏது? ஸ்டூடியோக்காரர் என்னையே நிக்க வெச்சாரு. அந்த நேரம் பாத்து அளவு குடுக்க வந்த ஒரு டாக்டரம்மா, கழுத்துல இருந்ததைக் கழட்டிப் போட்டு விட்டாங்க, அஞ்சு நிமிஷம் இரவல். எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. மூஞ்சி நல்லா வரலை, கோட்டு தெரிஞ்சாப் போதும்னு கழுத்தோட வெட்டி…”

அவர் நிறுத்தினார்.

கமா தன் ஃபோனில் படத்தைத் திருப்பி அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு படம், ஒரே கை. இடது ஆள்காட்டி விரலில் பிளந்து வளர்ந்த நகம்.

கோட்டுக்காரர் தன் விரலைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். மெஷின் மேல் கிடந்த பாதிக் கோட்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்தார். மறுபடி மடித்தார்.

“அவளுக்கு இந்த அட்டையைக் காட்டினதே இல்ல சார்,” என்றார் கடைசியில். “கடைப் பக்கமே வர மாட்டா. கோட்டு போகும், வரும், அவ்வளவுதான். காட்டியிருந்தா பாத்தவுடனே கண்டுபிடிச்சிருப்பா. சிரிச்சிருப்பா. ‘இந்த மூஞ்சி டாக்டரா’ன்னு…”

சர்வேயர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எரிந்த கடைகளில் நின்று நின்று அவர் கற்றது அது ஒன்றுதான். சொந்தக்காரர் சாம்பலைப் பார்க்கும்போது பேசக்கூடாது.

பிறகு மெதுவாகக் கேட்டார். “அந்தக் கோட்டு இன்னும் இருக்கா?”

சாம்பிள் கோட்டு அலமாரிக் கதவுக்குப் பின்னால், பாலித்தீன் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

*

ஐந்து மணிக்கு டீச்சர் கதவைத் திறந்தார். ஒரு கையால் பின்மண்டையைப் பிடித்திருந்தார். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சர்வேயரையும் கமாவையும் தாண்டி எட்டிப் பார்த்தார்.

“டாக்டர் வரலையா?”

இருவரும் விலகினார்கள்.

பின்னால் கோட்டுக்காரர் நின்றார். வெள்ளைக் கோட்டு அவருக்கு இப்போது தொளதொளவென்றிருந்தது. மேலிருந்து கீழே எல்லாப் பட்டனும் போட்டிருந்தார், நீலக் காஜா உட்பட. கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார். படத்தில் இருந்ததுபோல இடது கை மேலே, விரல்கள் தெரிய.

டீச்சர் முதலில் கோபப்பட்டார். “என்ன அத்தான் இது, விளையாடற நேரமா?” அடுத்து அந்த விரலைப் பார்த்தார். உள்ளே ஓடிப்போய் ஃபோனை எடுத்துவந்தார். சர்வேயர் ஒன்றும் விளக்காமல் வாசல் சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைக் காட்டினார். டீச்சர் ஃபோனை அதன் முன் பிடித்தார்.

கணக்கு டீச்சருக்கு ஒரு கணக்கை இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

“அக்கா…” என்றார். “அக்கா நம்பினது உங்களைத்தானா அத்தான்?”

கோட்டுக்காரர் தலையாட்டினார். கட்டிய கைகளை அவர் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் உடைந்துவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ.

டீச்சர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். கண்ணீரைத் துடைக்கவில்லை. பிறகு கேட்டார், சின்னப் பிள்ளை போல.

“அந்த டாக்டர் வந்தா ஒண்ணு கேக்கணும்னு வெச்சிருந்தேன்.”

“கேளும்மா.”

“இந்தத் தலைவலி நல்ல அறிகுறிதானா?”

அவர் எழுதாத வரி அது. படித்துப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் கோட்டு அவருடையது. காஜா அவர் வீட்டுடையது.

“இல்லம்மா,” என்றார். “நல்ல அறிகுறி இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னது தப்பு. தெரியாமச் சொல்லிட்டேன். என்னை நம்பாதே, வாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

கமா வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்த நர்ஸ் எண்ணைப் பார்த்ததும் எழுந்துபோய் டாக்டரையே கூட்டிவந்தாள். இந்த டாக்டருக்குத் தலை இருந்தது. அது களைத்துப் போயிருந்தது. அவர் இம்முறை கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா…” என்று ஆரம்பித்து, வெள்ளைக் கோட்டோடு மூலையில் நின்றவரைப் பார்த்துவிட்டு, முடிக்காமல் மருந்து எழுதினார். டீச்சர் அந்த எண்ணைத் தானும் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்.

மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை, கட்டிலில் சாய்ந்தபடி டீச்சர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். அன்றைய தேதியில் மருத்துவக் குழு சரிபார்த்திருந்தது. படத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். தலையில்லாத வேறொருவர், வேறொரு கோட்டு. அக்காவின் பதினோராம் நாள் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே தட்டினார்.

‘பன்னிரண்டாம் நாள். மேலே எழுதியவரின் தங்கை எழுதுகிறேன். அக்கா இறந்துவிட்டாள். அந்த வலி நல்ல அறிகுறி இல்லை.’

நாற்பது நிமிடம் இருந்தது. பிறகு யாரோ நீக்கிவிட்டார்கள்.

டீச்சர் முப்பது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி, அழிக்கப்பட்டு, மறுநாள் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தவர். தலையணையைச் சரிசெய்துகொண்டு மறுபடி எழுதினார்.